மெஷின் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது, எப்போது கீழே வைப்பது

டிரில், ஆங்கிள் கிரைண்டர், மார்பிள் கட்டர், சர்க்குலர் ரம்பம் இவற்றைப் பிரித்துச் சரிசெய்வதுதான் என் வேலை. திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டுக் கோளாறுகள்தான். ஆனால் காயத்தோடு வந்தவர்களிடம் எப்போது விசாரித்தாலும், மெஷின் அதற்கு முன்பே ஏதோ ஒன்றைக் காட்டியிருக்கிறது. ஒரு வாரமாக உதறியது, லேசாகச் சுருக்கென்றது, ஸ்விட்ச் சில சமயம் ஒட்டிக்கொண்டது என்று அவர்களே சொல்வார்கள். வேலை ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அதைக் கீழே வைக்கவில்லை. அதனால் உங்கள் கைக்கும் காதுக்கும் மூக்குக்கும் முதலில் தெரிகிற அறிகுறியை வைத்தே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பர்ஸைக் கடிக்கிறது கடைசியில் வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். சுவரில் ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. நீங்கள் குனிந்து வீல் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்து அதே ஸ்விட்சைப் போடலாம், ஒயரிங் மாறியிருந்தால் ஸ்விட்ச் நியூட்ரலை மட்டும் துண்டித்துவிட்டு ஃபேஸ் மெஷினுக்குள் அப்படியே நிற்கலாம். பிடுங்கிய பிளக் உங்கள் கண்ணெதிரில் கிடக்க வேண்டும். ஷாக் அடிக்கிற மெஷினுக்கு மட்டும் வரிசை வேறு: முதலில் சுவர் ஸ்விட்ச் அல்லது மெயின், அப்புறம்தான் பிளக்.

பிடுங்கியபின் ட்ரிகரை ஒரு தடவை அழுத்தி விடுங்கள். லாக் பட்டன் அமுங்கிக் கிடந்தால் அப்போதே விடுபடும். இல்லையென்றால் மறுபடி செருகிய நொடியில் மெஷின் மேசையிலிருந்து தானே கிளம்பிவிடும். கிரைண்டரில் ட்ரிகரை விட்ட பிறகும் வீல் சில நொடிகள் சுற்றும், முழுக்க நிற்கும்வரை கையிலேயே வைத்திருங்கள். சுற்றுகிற வீலை நிறுத்த ஸ்பிண்டில் (வீல் மாட்டுகிற தண்டு) லாக் பட்டனை அழுத்துகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கிற பின் உடைந்த எத்தனையோ மெஷின்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

## தொட்டால் சுருக்கென்கிறது

"லேசாகத்தான் அடிக்கிறது, வேலை நடக்கிறது" என்று சொல்கிற வாயை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். லேசாக அடிப்பதற்குக் காரணம் மெஷின் பரவாயில்லை என்பதல்ல, அந்த நேரத்தில் உங்கள் தோல் காய்ந்திருக்கிறது, காலில் ரப்பர் செருப்பு இருக்கிறது, அவ்வளவுதான். அதே மெஷினை வியர்த்த கையோடு இரும்பு ஏணியில் நின்று பிடித்தால் கதை வேறு. ஏறக்குறைய 10 மில்லியாம்பியர் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகும். அதனால் இந்த அறிகுறிக்கு "இந்த ஒரு துளை மட்டும் போட்டுவிட்டு" என்பது கிடையாது.

ஈரமா, தூசியா? மழையில் நனைந்ததா, ஈரத் தரையில் கிடந்ததா என்று யோசியுங்கள். நனைந்திருந்தால் காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் காய விடுங்கள், ஓடவிட்டுக் காய வைக்காதீர்கள். இரும்பு அறுக்கிற கிரைண்டர் என்றால் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே போகிற இரும்புத் தூள் இன்சுலேஷன் மேல் படிந்து, கரண்ட் வெளியே வர ஒரு பாதை போட்டுவிடும். கம்ப்ரஸர் காற்றில் ஊதி எடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு, துளைக்கு நேராக முகத்தை வைக்காமல்.

ஒயரா? கைப்பிடிக்குள் ஒயர் நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் உறை இருக்கும், அந்த ஒரு சாண் நீளத்தை மெதுவாக வளைத்து வளைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வெடிப்பு அங்கேதான். அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுவது ரிப்பேர் ஆகாது, நாலு நாளில் பசை இளகி நழுவும். வெடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதி ஒயரை உள்ளே இணைத்து, ஒயரை இறுக்கிப் பிடிக்கிற கிளிப்பை மறக்காமல் திரும்ப மாட்ட வேண்டும். அந்தக் கிளிப் இல்லாத மெஷினில் ஒயரை இழுத்தால் இழுப்பு நேராக இணைப்பில்தான் போய் நிற்கும்.

எர்த் இருக்கிறதா? பெயர்த் தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருந்தால் அது டபுள் இன்சுலேஷன் மெஷின், இரண்டு கம்பி ஒயர்தான் வரும், எர்த் தேவையில்லை. அப்படிப்பட்ட மெஷின் ஷாக் அடித்தால் இரண்டு அடுக்கும் போய்விட்டது என்று அர்த்தம். வெளியே காய்ந்து, ஒயரும் நன்றாக இருந்தால், திறக்காமல் நேராக ரிப்பேருக்குக் கொடுத்துவிடுங்கள். சதுரக் குறி இல்லாத மூன்று கம்பி மெஷின் என்றால், பிளக்கை எடுத்துவிட்டு மல்டிமீட்டரில் எர்த் பின்னுக்கும் மெஷினின் உலோகப் பாகத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள், 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டினால் மெஷினின் எர்த் கம்பி சரி, சுவர் சாக்கெட்டில் எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அடித்தால் காயில் (மோட்டாருக்குள் இருக்கிற செம்புக் கம்பிச் சுற்று) லீக். 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வைத்துச் சோதிக்கிற ஆளிடம் கொடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் இதைக் காட்டாது, அதை நம்பி "நன்றாகத்தான் இருக்கிறது" என்று திரும்ப எடுக்காதீர்கள்.

## டிரிப்பர் விழுகிறது

எது விழுகிறது என்று முதலில் பாருங்கள். டெஸ்ட் பட்டன் உள்ளது ஆர்.சி.சி.பி., அது கரண்ட் கசிவுக்கு விழும். கையில் பிடிக்கிற மெஷின் ஓடுகிற லைனில் 30 மில்லியாம்பியர் அளவு இருக்க வேண்டும். டெஸ்ட் பட்டன் இல்லாத எம்.சி.பி. லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும்.

செருகியதுமே ஆர்.சி.சி.பி. விழுந்தால் ஒயர், பிளக், ஸ்விட்ச் பக்கம் தேடுங்கள். ட்ரிகரை அழுத்தினால்தான் விழுகிறது என்றால் உள்ளே கார்பன் தூள் அல்லது காயில், மேலே ஷாக்குக்குச் சொன்னதையே வரிசையாகப் பாருங்கள். எம்.சி.பி. லோடு ஏறும்போது மட்டும் விழுந்தால் மழுங்கிய பிளேடு, அதிக அழுத்தம், அல்லது அதே லைனில் இன்னொரு பெரிய மெஷின். ட்ரிகரைத் தொட்டதும் டப்பென்று விழுந்தால் ஷார்ட், மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள்.

டிரிப்பரைத் தாண்டி நேர் லைன் எடுத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அது விழுந்ததே உங்களுக்காகத்தான்.

## காற்றுத் துளையில் தீப்பொறி தெரிகிறது

கார்பன் பிரஷ் (மோட்டாரில் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கரித் துண்டு) உள்ள எந்த மோட்டாரிலும் சின்னதாக நீலப் பொறி இருக்கும். புது பிரஷ் போட்டால் அது உள்ளே சுற்றுகிற செம்பு வளையத்தோடு படிந்து உட்காரும்வரை சில நிமிடம் கொஞ்சம் கூடவே தெரியும். இதெல்லாம் கோளாறு இல்லை. ஆனாலும் இந்தப் பொறி எப்போதும் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள்: தின்னர், பெட்ரோல், வார்னிஷ் திறந்திருக்கிற அறையில் நல்ல மெஷினைக்கூட ஓட்டக் கூடாது.

பொறி நீளமாக, மஞ்சளாக, வளையத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனால்தான் பார்க்க வேண்டும். பிரஷ் மூடிகள் இரண்டு பக்கமும் இருக்கும், அகலமான ஸ்க்ரூடிரைவரில் கழன்றுவிடும். எடுத்ததும் நீளத்தைப் பாருங்கள். 5, 6 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் ஆயுள் முடிந்தது, சில பிரஷ்களில் அந்த அளவுக்கு ஒரு கோடே போட்டிருக்கும். ஒன்று தேய்ந்து மற்றொன்று நன்றாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நீளம் இருந்தும் பொறி வந்தால், பிரஷ் தன் கூட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய் வருகிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். தூசி அடைத்து ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது ஸ்ப்ரிங் சூட்டில் நிறம் மாறி விறைப்பு இழந்திருக்கும்.

பிரஷ் எடுத்த துளை வழியாக டார்ச் அடித்து உள்ளே செம்பு வளையத்தைப் பாருங்கள். சாக்லேட் நிறத்தில் பளபளவென்று ஒரே சீராக இருந்தால் ஆரோக்கியம். கறுத்துக் குழி விழுந்திருந்தால் ஆர்மேச்சரை (அந்த வளையம் உள்ள, மோட்டாரில் சுற்றுகிற பாகம்) லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டும். எதிரெதிரே இரண்டு பட்டைகள் மட்டும் கருகியிருந்தாலோ, புது பிரஷ் போட்டும் நெருப்பு வளையமாகச் சுற்றினாலோ ஆர்மேச்சர் போய்விட்டது. அதற்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், சின்ன மெஷின்களில் புதிதாக வாங்குவதே நல்லது என்று நானே சொல்லி அனுப்புகிறேன்.

## கிரைண்டர் உதறுகிறது

எல்லா அறிகுறிகளிலும் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். லேசான ஷாக் அடித்தால்கூட ஆள் திடுக்கிடுவான், உதறலுக்குக் கை பழகிப்போகும்.

சந்தேகம் முதலில் வீல் மேல். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் உடைந்திருக்கிறதா, நடு வளையத்தைச் சுற்றி மயிரிழை போலக் கீறல் ஓடுகிறதா? இருந்தால் இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழுதாகப் போட்டால் இன்னொருவர் எடுத்து மாட்டுவார். ஈரத்தில் கிடந்த வீலும் ஒரு பக்கம் ஈரம் ஏறி எடை மாறி உதறும், வீலை ஒட்டி வைத்திருக்கிற பிசினின் பலமும் குறைந்துவிடும். நடுவில் இருக்கிற உலோக வளையத்தில் மாதமும் வருடமும் அச்சடித்திருப்பதைப் பலர் கவனித்ததே இல்லை. அது காலாவதித் தேதி. பிசின் வீலுக்கு உற்பத்தியிலிருந்து 3 ஆண்டுதான் கணக்கு.

மேசை கிரைண்டரின் கல் சக்கரத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. கழற்றி, துளையில் விரல் விட்டுத் தூக்கி, மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். கையில் பிடிக்கிற கிரைண்டரின் மெல்லிய வீலுக்கு இந்தத் தட்டிப் பார்க்கிற வித்தை பலிக்காது.

அடுத்தது, வீல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? உள் ஃபிளேஞ்ச் (வீலுக்கு அடியில் ஸ்பிண்டிலில் உட்காருகிற தட்டு) இருக்கிறதா, தலைகீழாகப் போட்டிருக்கிறதா, அதன் முகத்தில் தூள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 4 இஞ்ச் வீலுக்குத் துளை பொதுவாக 16 மி.மீ., 5 இஞ்ச் முதல் மேலே 22.23 மி.மீ. துளை பெரிதாக இருக்கிறதென்று டேப் சுற்றியோ தகரம் மடித்து வைத்தோ மாட்டிய வீல் நடு மையத்தில் நிற்காது, உதறும், அப்புறம் உடையும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வீல்மேல் அதிகபட்ச ஆர்.பி.எம். எழுதியிருக்கும். வழக்கமான வீல்களில் 4 இஞ்சுக்கு 15,300, 5 இஞ்சுக்கு 12,200, 7 இஞ்சுக்கு 8,500, 9 இஞ்சுக்கு 6,600. எல்லாமே ஓரத்தில் நொடிக்கு 80 மீட்டர் வேகத்துக்குச் சமம், அதாவது மணிக்கு ஏறக்குறைய 290 கி.மீ. ஒரு தடவை ஒரு 5 இஞ்ச் கிரைண்டர் "அதிருகிறது, பேரிங் மாற்றுங்கள்" என்று வந்தது. வீலை மூடுகிற சேஃப்டி கார்டு இல்லை. கார்டு உட்கார வேண்டிய கழுத்தில் தூசியும் கிரீஸும் சேர்ந்து ஏடு கட்டியிருந்தது, கழற்றிப் பல மாதம் ஆகியிருக்கும். மாட்டியிருந்த வீலைத் திருப்பிப் பார்த்தேன். தேய்ந்து 5 இஞ்ச் அளவுக்கு வந்திருந்த 9 இஞ்ச் வீல். துளை இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் மாட்டிவிட்டார்கள். பாதி அழிந்த எழுத்தில் 6,600 என்று இன்னும் படிக்க முடிந்தது. மெஷினின் வேகமோ 11,000. தேய்ந்தாலும் வீலுக்குத் தாங்கும் என்று உறுதி சொல்லப்பட்ட ஆர்.பி.எம். ஏறுவதில்லை. பேரிங் நன்றாக இருந்தது. நான் மாற்றியது வீலையும் கார்டையும்தான். மிச்சம் பிடிக்கிறேன் என்று பெரிய வீலின் தேய்ந்த துண்டைச் சின்ன மெஷினில் போடாதீர்கள், தயவுசெய்து.

கார்டைக் கழற்றினால்தான் வீல் உள்ளே போகும் என்றால், அந்த வீல் அந்த மெஷினுக்கு இல்லை. அதேபோல் 1 முதல் 3 மி.மீ. தடிமனுள்ள கட்டிங் வீலின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கக் கூடாது, தேய்க்க 6 மி.மீ. கிரைண்டிங் வீல் தனியாக இருக்கிறது. மரம் அறுக்கப் பல் வைத்த பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை.

வீல் புதிது, அளவு சரி, இன்னும் உதறுகிறதா? வீலையும் நட்டையும் எடுத்துவிட்டு வெறும் மெஷினை ஓட்டுங்கள். உதறல் நின்றால் குற்றவாளி வீல் அல்லது ஃபிளேஞ்ச்தான். நிற்கவில்லை என்றால் பிளக்கை எடுத்து ஸ்பிண்டிலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லூஸாக ஆடினாலோ, கையால் சுற்றும்போது கரகரவென்றாலோ பேரிங். கீழே விழுந்த மெஷின் என்றால் ஸ்பிண்டில் வளைந்திருக்கலாம். இரண்டுக்கும் புல்லர் (பேரிங்கை இழுத்துக் கழற்றுகிற கருவி) வைத்திருக்கிற ரிப்பேர்காரரிடம்தான் போக வேண்டும். வளைந்த ஸ்பிண்டிலைச் சுத்தியலால் நிமிர்த்தித் தரச் சொல்லாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள்.

புது வீல் மாட்டியதும் 1 நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள், வீல் சுற்றுகிற கோட்டில் நீங்களும் வேறு யாரும் நிற்காமல். உடைகிற வீல் பெரும்பாலும் இந்த முதல் ஓட்டத்திலேயே உடையும்.

## மெஷின் எகிறுகிறது, கையைத் திருப்புகிறது

### ரம்பம் பின்னால் எகிறினால்

பெரும்பாலும் மெஷினில் கோளாறே இருக்காது, மரம் பிளேடைக் கவ்வியிருக்கும். பலகையை இரண்டு முனையிலும் தாங்கவைத்து நடுவில் அறுத்தால், அறுக்க அறுக்க நடுப்பகுதி தொய்ந்து வெட்டு மூடிக்கொள்ளும். வெட்டுக்கு அருகிலேயே தாங்கல் கொடுங்கள், வெட்டுப்பட்ட துண்டு தானாகக் கீழே விழ வேண்டும். பிளேடு பலகைக்குக் கீழே ஒரு பல் உயரத்துக்கு மட்டும் நீட்டியிருந்தால் போதும். வெட்டின் நேர் பின்னால் நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். பிளேடு மழுங்கியோ பிசின் ஏறியோ இருந்தாலும் கவ்வும், வெட்டின் விளிம்பு கருகியிருந்தால் அதுதான்.

கீழ்ப்பக்கம் ஸ்ப்ரிங்கில் ஆடுகிற கார்டை, பிளக்கை எடுத்துவிட்டு, விரலால் இழுத்து விடுங்கள். டப்பென்று மூட வேண்டும். மெதுவாக மூடினால் மரத்தூளும் பிசினும், துடைத்தால் சரியாகும். பாதியில் நின்றால் ஸ்ப்ரிங் மாற்ற வேண்டும். கம்பி போட்டுத் திறந்தே கட்டி வைத்த ரம்பத்தை நான் சரிசெய்து திருப்பிக் கொடுக்கும்போது கட்டை அவிழ்த்துத்தான் கொடுப்பேன், சண்டை போட்டாலும். மார்பிள் கட்டரில் மர பிளேடு போட்டு ஓட்டுபவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: அதில் இந்த மூடுகிற கார்டே கிடையாது, வேகமும் 12,000, 13,000 ஆர்.பி.எம். என்று போகும்.

### கிரைண்டர் எகிறினால்

கட்டிங் வீல் வெட்டுக்குள் சாய்ந்திருக்கும், அல்லது குழாய் தொய்ந்து வீலைக் கவ்வியிருக்கும். வெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். வெளியே எடுத்து, முழு வேகம் வந்த பிறகு மெதுவாக உள்ளே விடுங்கள். பக்கக் கைப்பிடி இல்லாமல் ஒற்றைக் கையில் பிடிப்பவருக்கு எகிறும்போது செய்வதற்கு எதுவுமே இருக்காது.

### டிரில் கையை முறுக்கினால்

துளை மறுபக்கம் திறக்கப்போகிற கடைசி நொடியில்தான் பிட் கடிக்கும், அங்கே அழுத்தத்தைக் குறையுங்கள். கான்கிரீட்டில் திடீரென்று பிட் நின்று உடம்பு திரும்பினால் கம்பியில் மாட்டியிருக்கிறது, இடத்தை மாற்றுங்கள். தகரத்தைக் கையால் பிடித்துத் துளைக்காதீர்கள், கிளாம்ப் போடுங்கள். கடித்த நொடியில் அந்தத் தகரமே காற்றாடி ஆகிவிடும். துளைக்கும்போது தொளதொளவென்று துணிக் கையுறை வேண்டாம், நூல் ஒன்று பிட்டில் சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். பெரிய ஹேமர் டிரில்லில் பிட் மாட்டினால் உள்ளே ஒரு கிளட்ச் வழுக்கி உங்கள் மணிக்கட்டைக் காப்பாற்ற வேண்டும். முன்பு வழுக்கியது இப்போது வழுக்காமல் கையை முறுக்கினால் அதைத் திறக்காதீர்கள், சர்வீஸுக்குக் கொடுங்கள்.

## சூடாகிறது, கருகிய வாடை வருகிறது

மூக்கு இதில் நல்ல மீட்டர். ரப்பர், பிளாஸ்டிக் வாடை என்றால் பிளக்கையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தொட்டுப் பாருங்கள், லூஸான சாக்கெட்தான் சூடாகியிருக்கும். வார்னிஷ் கருகுகிற, தொண்டையில் ஒட்டுகிற வாடை என்றால் காயில்.

காற்றுத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கிற கை துளையை மூடுகிறதா என்றும் பாருங்கள், பலருக்கு இதுதான். அப்புறம் அழுத்தம். சத்தத்தைக் கேளுங்கள், மெஷினின் குரல் இறங்கினால் நீங்கள் அதிகமாக அமுக்குகிறீர்கள். மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது காற்றும் குறைவு, இழுக்கிற கரண்டும் அதிகம்.

எக்ஸ்டென்ஷன் ஒயரை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. 2,000 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் அளவு இழுக்கும். 0.75 சதுர மி.மீ. ஒயரில் 30 மீட்டர் தள்ளிப் போனால் வழியிலேயே 13 வோல்ட் போய்விடும். அது எங்கேயும் மறைந்து போகவில்லை, 100 வாட்டுக்கு மேல் சூடாக அந்த ஒயரிலேயே இருக்கிறது. சுருளாகச் சுற்றி வைத்தபடி ஓட்டினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஒயர் உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள், 1.5 அல்லது 2.5 சதுர மி.மீ. ஒயர் வாங்குங்கள்.

முன்பக்கத் தலை மட்டும் சூடானால் கியர் கிரீஸ் காய்ந்திருக்கும், அது சின்ன வேலை. புகை வந்துவிட்டால் நிறுத்துங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறேன்" என்பதில்தான் பிழைக்க வேண்டிய காயிலும் கருகிப்போகிறது.

## ட்ரிகரை விட்டாலும் நிற்கவில்லை

கையை எடுக்காமல், மெஷினைக் கீழே போடாமல், சுவர் ஸ்விட்சை அணையுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். லாக் பட்டன் தூசியில் சிக்கியிருந்தால் ஊதினால் விடும். ஸ்விட்சுக்குள் முனைகள் உருகி ஒட்டியிருந்தால் ஊதி, தட்டி, மறுபடி வேலை செய்தாலும் திரும்ப ஒட்டும், ஸ்விட்சையே மாற்ற வேண்டும். விலை குறைந்த பாகம் இது. ட்ரிகரை டேப் போட்டு அமுக்கிக் கட்டிய மெஷின்களும் வருகின்றன, விரல் வலிக்கிறது என்று கட்டியிருப்பார்கள். கை நழுவினால் மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ட்ரிகரே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது.

## ஓடவே இல்லை, விட்டு விட்டு ஓடுகிறது

சாக்கெட்டில் வேறு ஏதாவது போட்டுப் பாருங்கள். அப்புறம் பிரஷ், சில மெஷின்களில் பிரஷ் தேய்ந்ததும் தானே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். அப்புறம் ஒயர், பிளக்கை எடுத்துவிட்டு ஒயரை வளைத்துக்கொண்டே மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (உள்ளே கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். இந்த மூன்றும் சரியென்றால் ஸ்விட்ச் அல்லது காயில், கொடுத்துவிடுங்கள்.

## பேட்டரி மெஷின் பாதியில் நிற்கிறது, பேட்டரி சூடாகிறது

முதலில் முனைகளில் தூசி, துடையுங்கள். வேலை முடித்த சூட்டோடு சார்ஜரில் போட்டால் பல சார்ஜர்கள் ஆறும்வரை சார்ஜ் ஏற்றாது, விளக்கு மட்டும் மின்னும், அது பழுதில்லை. 0 டிகிரிக்குக் கீழே இருக்கிற குளிர்ந்த பேட்டரியையும் சார்ஜ் செய்யக் கூடாது. 18 வோல்ட் பேட்டரியில் 3.6 வோல்ட் செல்கள் 5 வரிசையாக இருக்கும், ஒன்று செத்தாலும் லோடு ஏறியதும் மெஷின் நின்றுவிடும்.

பேட்டரி ஊதியிருந்தால், கீழே விழுந்து ஓடு விரிந்திருந்தால், தண்ணீர் குடித்திருந்தால், சும்மா வைத்திருக்கும்போதே சூடானால், சார்ஜரில் போடவே கூடாது. எரியாத தரையில், வெளியே, மற்ற பொருள்களைவிட்டுத் தள்ளி வைத்து, பழைய பேட்டரி சேகரிக்கிற இடத்தில் கொடுங்கள். பழைய செல்லை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பற்றவைத்து ஓட்டுகிற வேலையை வீட்டில் செய்யாதீர்கள்.

## கோளாறு உங்கள் உடம்பில் தெரிந்தால்

மெஷினைப் பார்க்கிற கண்ணோடு இதையும் பாருங்கள். வேலை முடிந்து விரல் நுனி மரத்துப்போகிறதா, குளிரில் வெள்ளையாகிறதா? அதிர்வு நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஐரோப்பிய விதிகளில் கைக்கு வருகிற அதிர்வு 8 மணி நேரச் சராசரியாக 2.5 மீட்டர்/நொடி² தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 தாண்டவே கூடாது. மெஷின் கையேட்டில் அதிர்வு எண் 10 என்று இருந்தால் ட்ரிகர் அழுத்திய நேரம் அரை மணியிலேயே முதல் எல்லை வந்துவிடும். மழுங்கிய பிட்டும் போன பேரிங்கும் அந்த எண்ணை ஏற்றும். வெள்ளையாவது ஆரம்பித்துவிட்டால் டாக்டரிடம் மெஷின் வேலை செய்கிறேன் என்று சொல்லிக் காட்டுங்கள், கவனிக்காமல் விட்டால் திரும்பாது.

இரவில் காதில் கீச்சென்று கேட்டால் காதடைப்பான் போடாமல் வேலை செய்திருக்கிறீர்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்று வைத்த எல்லை, 100 டெசிபலில் 15 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது, கிரைண்டர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கல், கான்கிரீட், டைல் அறுத்தபின் இருமல் வந்தால் துணி கட்டியது போதவில்லை. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கிவிடும். தண்ணீர் விட்டு அறுக்கிற கட்டர் அல்லது வாக்குவம் மாட்டிய கட்டர், கூடவே முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 வகை மாஸ்க்.

கண்ணில் ஏதோ உறுத்தினால் கசக்காதீர்கள். காந்தம், நாக்கு, துணி முனை எதுவும் வேண்டாம். கிரைண்டர் பொறி சூடான இரும்பு, கருவிழியில் ஒட்டினால் சில மணி நேரத்திலேயே அதைச் சுற்றித் துரு வளையம் கட்ட ஆரம்பிக்கும். மெஷினை வைத்துவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள், உறுத்தல் தானாகக் குறைந்துவிட்டாலும்.